கடைசி ஆளை எடுக்க முடியாது

சேசு மரி சூசை துணை

மரக்காணம்,
16.10.2005

அன்பு மகள் வினோதினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்லபடி இருக்கிறோம். உன் சுகத்துக்காக அவள் தினமும் மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். அதே நேரத்தில் நான் உப்பள ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறேன். இரண்டும் வேண்டுதல்தான்.

சுவீடனில் நீ படிக்கிற ஊர் பேரைப் பார்த்து எழுதினாலும் எனக்கு இரண்டு எழுத்து கூடிவிடுகிறது. அதனால் நீ அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போன விலாசத்தையே கவரில் ஒட்டுகிறேன். நீ போன் பண்ணும்போது பேசலாம்தான். ஆனால் உன் அம்மா ரிசீவரைப் பிடுங்கி, சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்திக்கொள்கிறாயா என்று கேட்டு அழுது முடிப்பதற்குள் உன் கார்டு தீர்ந்துவிடுகிறது. ப்ரோகிராம் விஷயத்தை நான் எங்கே கேட்பது? அதான் கடிதம்.

நீ ஆவணியில் கிளம்புமுன் கட்டிக்கொடுத்த ப்ரோகிராம் நன்றாக ஓடுகிறது. அதை உண்டாக்கினவளின் அப்பன் என்ற ஒரே தகுதியில், பம்ப்செட் ஓட்டுகிற என்னையே கம்ப்யூட்டருக்கும் பொறுப்பாக்கிவிட்டார் பலராமன் முதலாளி. பத்தாவதை இரண்டு தடவை எழுதியவனுக்கு இது பெரிய பதவி. கன்னியப்பன் காலையிலும் சாயங்காலமும் கரைமேல் நடந்து மதகுக்குப் போய், கல்லில் பெயின்ட் அடித்த அளவைப் பார்த்துவந்து சொல்கிறான். நான் ஒற்றை விரலால் தட்டுகிறேன். கழுவெளி ஏரித் தண்ணீர் நீ வைத்த கோட்டைத் தாண்டினால் கூரைமேல் இருக்கிற சங்கு தானாக ஊதும். கரைக்குக் கீழே குடிசைகளில் இருக்கிறவர்கள் ஈ.சி.ஆர். ரோட்டுக்கு ஏறிவிடுவார்கள். இதுவரைக்கும் நீ சொல்லிக்கொடுத்தபடிதான்.

ஒருநாள் என் புத்தி கெட்டு, மதகில் இருக்கிற தண்ணீரையும் உப்புப் பாத்தியில் இருக்கிற தண்ணீரையும் கூட்டினால் என்ன என்று உன் ப்ரோகிராமில் கை வைத்துப் பார்த்தேன். எழுதியதைச் சரிபார்க்கிற அந்தக் கம்பைலர் பக்கம் முழுக்கச் சிவப்பு எழுத்தில் திட்டியது. மதகு அளவு அடிக்கணக்கு, பாத்தி அளவு அங்குலக்கணக்கு, இரண்டும் எண்ணாக இருந்தாலும் வேறு வேறு டைப், கூட்ட விடமாட்டேன் என்கிறது. முப்பது வருஷமாக இந்த உப்பளத்தில் என் மேஸ்திரிகள் யாரும் இவ்வளவு தெளிவாக என்னைத் திட்டியதில்லை. கோபமே வரவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கன்னியப்பன் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. சனிக்கிழமை குடித்தால் திங்கட்கிழமையும் வருவதில்லை. அன்றைக்கு நான் "பார்க்கவில்லை" என்று அமுக்கினால், தெரியாதது எல்லாம் ஆபத்து என்று நீ எழுதிவைத்தபடி சங்கு ஊதிவிடுகிறது. போன டிசம்பரில் கடல் ஏறி வந்ததைப் பார்த்தவர்கள் அம்மா இவர்கள். முதல் தடவை சங்கு கேட்டதும் சோற்றுப்பானையைக்கூட இறக்காமல் ஓடினார்கள். ஒரு பெண் கரையில் விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை பாதிப் பேர்தான் ஓடினார்கள். போன ஞாயிறு யாரும் எழுந்திருக்கவில்லை. குடிசைக்குள்ளிருந்து ஒருவன் என் பேரைச் சொல்லி, பொழுது போகலைன்னா ஊதுவான் என்றானாம். சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். வந்ததும் உனக்கு எழுதப் பேனாவைத் தேடினேன்.

முதலாளி, நேற்றைய அளவையே போட்டுவிடு என்கிறார். இங்கே பழக்கமே அதுதான், உனக்குத் தெரியும். போய்ப் பார்க்காத அன்றைக்கு எல்லாரும் "அப்படியே இருக்குது" என்பார்கள். வெயில் காலத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஆனால் நீ செய்துவைத்ததில் "பார்க்கவில்லை" என்பது எண்ணே இல்லை. சுழியம்கூட இல்லை. எண் கேட்கிற இடத்தில் அதை வைத்தால் கம்பைலர் ஏற்கமாட்டேன் என்கிறது. பொய்யும் சொல்லாமல், சங்கும் ஊதாமல் இருக்க வழி உண்டா? சீக்கிரம் எழுது. மழை முன்கூட்டியே பிடித்துவிட்டது. கழுவெளியில் தண்ணீரின் நிறம் மாறியிருக்கிறது, டீயில் பால் குறைந்த மாதிரி.

அன்புள்ள அப்பா,
சவரிமுத்து

*

சேசு மரி சூசை துணை

மரக்காணம்,
13.11.2005

அன்பு வினோதினிக்கு அப்பாவின் ஆசீர்.

நீ மெயிலில் அனுப்பிய பதிலை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்தேன். அந்தப் பையன் அதை ஏதோ வெளிநாட்டு ஜாதகம் என்று நினைத்துக்கொண்டான். நான் மறுக்கவில்லை.

நீ சொன்ன வழி எனக்குப் பிடித்துப்போனது. பார்க்கவில்லை என்றால் அதற்கு விடை எண்ணும் இல்லை, சங்கும் இல்லை, ஒரு ஆள் போய்ப் பார்க்கவேண்டும். சொன்னபிறகு இவ்வளவுதானா என்று தோன்றுகிறது. அந்தப் புது வகையை ஒரு இடத்தில் சேர்த்ததும், அதைக் கேட்காமல் விட்ட மற்ற இடங்களையெல்லாம் கம்பைலர் ஒவ்வொன்றாய்க் காட்டிக்கொடுத்தது. வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடுகிற விஷயத்தையும் தப்பாகவே எடுத்துக்கொள் என்று நீ கட்டிவைத்திருக்கிறாயே, அதனால் தப்பிக்க முடியவில்லை. இடையில் ஒரு நாள் சலித்துப்போய், "மற்றதெல்லாம் சரி" என்று ஒரே வரியில் மூடிவிடலாமா என்று பார்த்தேன். மூடினால் சிவப்பு எழுத்து சுத்தமாய்ப் போய்விடுகிறது. அந்த அமைதி எனக்கு என்னவோ செய்தது. நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது: அந்த ஒரு வரியைப் போட்டால் இனிமேல் கம்பைலர் நம்மை எதுவும் கேட்காது என்று. திரும்ப அழித்துவிட்டேன்.

போகிற ஆட்களின் பட்டியலை நீ காலியாக இருக்க முடியாதபடி செய்திருக்கிறாய். முதலில் ஒரு ஆள், அப்புறம் மற்றவர்கள். மற்றவர்கள் யாரும் இல்லாமல் இருக்கலாம், அந்த ஒரு ஆள் இல்லாமல் இருக்க முடியாது. எவ்வளவு அழித்தாலும் கடைசி ஆளை எடுக்க முடியவில்லை. எடுத்தால் ப்ரோகிராமே உருவாகாது. ஆஹா என்று சொல்லிக்கொண்டு, கூலிப் பட்டியலில் இருந்த பேர்களை மேலிருந்து கீழே அப்படியே தட்டி ஏற்றினேன். என் ஒற்றை விரலுக்கு அதுவே பெரிய அறுவடை.

அங்கேதான் வினை வந்தது.

கலியமூர்த்தியை நினைவிருக்கும். சித்திரை வெயிலில் பாத்தியிலேயே சுருண்டு விழுந்து போனான், நீயும் எடுப்புக்கு வந்தாய். நம்ம உப்பளத்து வழக்கம் உனக்குத் தெரியாமல் இருக்கலாம். செத்தவன் பேரைத் தை மாதம் புதுப் பட்டியல் போடுகிறவரைக்கும் எடுக்கமாட்டார்கள். அந்தப் பேரில் அவன் பெண்டாட்டி வந்து வேலை செய்து கூலி வாங்கிக்கொள்வாள். முதலாளிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் பாப்பாத்தி இப்போது கலியமூர்த்தி.

போன வாரம் உன் அம்மாவின் கண்ணைக் காட்டப் புதுச்சேரிக்குப் போயிருந்தேன். ஆபீஸில் முதலாளியின் அக்கா மகன் மணிகண்டன். ஊருக்குப் புதியவன், நல்ல பிள்ளை. அன்றைக்குக் கன்னியப்பன் வரவில்லை. மணிகண்டன் ஒழுங்காக "பார்க்கவில்லை" என்று அமுக்கியிருக்கிறான். கம்ப்யூட்டரும் ஒழுங்காகப் பட்டியலின் முதல் பேரை எடுத்து, "கலியமூர்த்தி மதகுக்குப் போகவும்" என்று காட்டியிருக்கிறது. அவன் கரைமேல் நின்று, கலியமூர்த்தி யாருங்க, மதகுக்குப் போகணுமாம் என்று கூப்பிட்டிருக்கிறான். கலியமூர்த்தி செத்துப்போனான் என்று சொன்னால் முதலாளி வீட்டுப் பிள்ளை அந்தப் பேரை அடித்துவிடுவானோ என்று குடிசைக்காரர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பாப்பாத்தி எழுந்து, தலையில் யூரியாச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கரைமேல் நடந்துபோனாள்.

மழை பிடித்த பிறகு அந்தக் கரை எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததில்லை. ஒரு பக்கம் கழுவெளி, ஒரு பக்கம் மூழ்கிப்போன பாத்தி. நடுவில் ஆள் ஒருவர் போகிற அகலத்துக்குச் சேறு. அவள் போய், அளவைப் பார்த்து, மனசில் வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறாள். கடந்து வந்த இடத்தில் கரையின் தோள்பட்டை அப்படியே சரிந்து தண்ணீருக்குள் இறங்கியதாம். திரும்பிப் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டேன் என்றாள்.

சாயங்காலம் நான் வந்து அவளைத் திட்டினேன். பிள்ளையை வைத்துக்கொண்டு உனக்கு என்ன துணிச்சல் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் யோசி.

"பேரு அவருது, கூலி நான் வாங்குறேன். வேலைன்னு கூப்பிட்டா வேற யாரு மாமா போவா?"

ப்ரோகிராமில் எந்தத் தப்பும் இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. பட்டியல் காலியில்லை. பேர் இருந்தது. கேட்டதற்கு விடை வந்தது. சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை. செத்தவனைக் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறவளை அனுப்பிவைத்துவிட்டது.

அதனால் கேட்கிறேன். அடியும் அங்குலமும் கலக்காமல் பிரித்தாயே, அதே மாதிரி பேரையும் ஆளையும் பிரிக்க முடியுமா? வெறும் பேர் போய் ஆள் இருக்கிற இடத்தில் உட்காரக்கூடாது. அன்றைக்கு வந்து, நான் போறேன் என்று தன் வாயால் சொன்னவர் மட்டுமே ஆள். நீ பதில் எழுதுகிறவரை கலியமூர்த்தியின் பேருக்கு மேலே என் பேரை ஏற்றிவைத்திருக்கிறேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் போனில் உளறாதே.

அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை, கண்ணாடி மாற்றச் சொன்னார்கள். மாற்றினபிறகு என்னைப் பார்த்து, இவ்வளவு நரைத்துவிட்டதா என்றாள். பழைய கண்ணாடியே தேவலை.

அன்புள்ள அப்பா,
சவரிமுத்து

*

சேசு மரி சூசை துணை

மரக்காணம்,
4.12.2005

என் கண்ணு வினோதினிக்கு,

அப்பா ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம்தான், ஆனால் லைட் போட்டால்தான் எழுத்து தெரிகிறது. கரன்ட் போய்ப் போய் வருகிறது. கம்ப்யூட்டரும் சங்கும் பேட்டரியில் ஓடுகின்றன.

நீ அனுப்பிய புது ப்ரோகிராம் வந்துசேர்ந்தது. நான் கேட்டது கேட்டபடி இருக்கிறது. "பேர்" ஒரு டைப், "பதில் சொன்னவர்" இன்னொரு டைப். பேரிலிருந்து பதில் சொன்னவராக மாற ஒரே ஒரு கதவு. அன்றைக்குக் காலையில் அந்த ஆள் ஆபீஸுக்கு வந்து, தனக்கென்று வைத்த எண்ணைத் தானே அமுக்கவேண்டும். வேறு எந்த வழியாகவும் நுழைய முடியாதபடி உள்ளே ஒளித்துவைத்திருக்கிறாய். நான் சந்தும் பொந்தும் தேடிப் பார்த்தேன், எனக்கே வழி கிடைக்கவில்லை. உனக்கு ஆண்டவர் நல்ல புத்தியைக் கொடுத்திருக்கிறார், அது நிச்சயம் என் பக்கத்திலிருந்து வந்திருக்காது.

முதல் நாள் காலையில் கூட்டமாய் வந்து அமுக்கினார்கள். விளையாட்டு மாதிரி இருந்தது. கரை இன்னொரு இடத்திலும் சரிந்ததும் ஆட்கள் குறைந்தார்கள். கன்னியப்பன் சென்னையில் லோடு ஏற்றுகிற வேலை கிடைத்தது என்று பஸ் ஏறிவிட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன், அவனுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. பாப்பாத்தி மட்டும் தினமும் காலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நிற்கிறாள். பொம்பளைங்க அமுக்கினால் கம்ப்யூட்டர் எடுக்காது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். கம்ப்யூட்டரைச் செஞ்சதே பொம்பளைன்னு ஊருக்கே தெரியும், அது மேல ஏன் மாமா பழி போடறீங்க என்று கேட்டாள். உன் பேருக்கு இப்படி ஒரு களங்கம் உண்டாக்கியதற்கு மன்னித்துக்கொள். அவள் பிள்ளைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

ஆகவே இன்று பட்டியலில் ஒரே ஒரு பேர்தான்.

நேற்று வந்த உன் மெயிலையும், அதோடு நீ சேர்த்தனுப்பிய ப்ரோகிராமின் புதுப் பகுதியையும் பார்த்தேன். மேலேயே அடிக்கோடு போட்டு, அப்பா உங்கள் பேரை எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். எடுக்கப் பார்த்தேன் அம்மா, உண்மையாகவே பார்த்தேன். கடைசி ஆளை எடுக்க முடியாது என்று நீயே செய்துவைத்திருக்கிறாய். சரியாகத்தான் செய்திருக்கிறாய்.

கீழே இன்னொன்றும் எழுதியிருந்தாய். ஒரு வரியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை, யோசித்து அனுப்புகிறேன் என்று. அது எந்த வரி என்று நீ சொல்லவில்லை. கம்பைலர் சொல்லிவிட்டது. போனவர் அளவோடு திரும்பினால் என்ன செய்வது என்று இருக்கிறது. வழி அடைத்திருக்கிறது என்று பாதியில் திரும்பினால் என்ன என்று இருக்கிறது. திரும்பியே வராவிட்டால் என்பதற்கு மட்டும் விடை இல்லை. அதைச் சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டு, நிரப்பாமல் விடமாட்டேன் என்று நிற்கிறது. வீட்டில் நாம் மூன்று பேரும் வாயில் எடுக்காததை அது பாட்டுக்குக் கேட்கிறது. கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. கேட்கத்தானே அதை வைத்தோம்.

உன் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. அந்த வரியை நான் எழுதிவிட்டேன். சங்கு. அவ்வளவுதான். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்றும் ஒரு இடம் இருந்தது. முதலில் அரை நாள் என்று போட்டேன். பிறகு குடிசைகளைப் பார்த்தேன். தண்ணீர் அவர்கள் வாசலுக்கு வருவதற்கு முன்னால் கிழவிகளும் பிள்ளைகளும் ரோடு ஏறி முடிக்கவேண்டும். அதற்குத் தகுந்தபடி குறைத்துவிட்டேன். ரொம்பக் குறைத்துவிட்டேன் என்று உனக்குத் தோன்றும்.

சோதித்தும் பார்த்தேன். முடிவெடுக்கிற பகுதி வேறு, சங்கு ஊதுகிற பகுதி வேறு என்று பிரித்துவைத்தாயே, அப்போது எதற்கு இந்த வீண் வேலை என்று உன்னைக் கிண்டல் பண்ணினேன். இப்போது அருமை தெரிகிறது. முடிவெடுக்கிற பகுதியிடம் மட்டும் கேட்டேன். போனவர் சவரிமுத்து, திரும்பவில்லை என்று கொடுத்தேன். "சங்கு" என்று ஒரு சொல் வந்து நின்றது. வெளியே ஒன்றும் ஊதவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் அதே சொல். அந்தப் பக்கத்தில் மனுஷன் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். எனக்கு அது பிடித்திருந்தது. பக்கத்தில் நின்ற மணிகண்டனுக்குத்தான் பொறுக்கவில்லை. உங்க பேரைப் போட்டுத்தான் சோதிக்கணுமாங்க என்று கேட்டான். வேறு எந்தப் பேரும் கதவுக்குள் வரவில்லையே தம்பி என்றேன்.

இன்று காலைதான் குடிசைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சங்கு சும்மா ஊதாது. ஆள் போய்க் கண்ணால் பார்த்து வந்து சொன்னால் ஊதும், இல்லை என்றால் போன ஆள் திரும்பாததால் ஊதும். இரண்டில் எதுவானாலும் எழுந்து ஓடுங்கள் என்றேன். பொழுது போகாமல் ஊதுகிறான் என்று சொன்னவன் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பையன்தான், பயத்தில் பேசியிருப்பான்.

மதகு அளவு நேற்று சாயங்காலத்திலிருந்து தெரியவில்லை. கொஞ்சம் முன்னால் "பார்க்கவில்லை" என்று அமுக்கினேன். திரையில் என் பேர் வந்திருக்கிறது. உப்பு அம்பாரத்துக்கு மூடின ஓலை ஒன்று காற்றில் பறந்துவந்து ஆபீஸ் ஜன்னலில் மோதிக்கொண்டே இருக்கிறது. அது நின்றதும் கிளம்பலாம் என்று பார்த்தால் நிற்கிற மாதிரி இல்லை. உன் அம்மாவிடம் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். குடையைத் தேடினதற்கு, நனைந்தால் கரைந்துபோக நீங்கள் என்ன உப்பா என்று கேட்டாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் சொன்ன முதல் நகைச்சுவை, நான் சிரிக்க மறந்துவிட்டேன். அடுத்த தடவை நீ போன் பண்ணும்போது அப்பா சிரித்தார் என்று அவளிடம் சொல்.

கடிதத்தை மணிகண்டனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், தபாலில் போடுவான். இது உன் கைக்கு வரும்போது இங்கே மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருக்கும். படிப்பை நடுவில் விட்டுவிட்டு ஓடிவராதே. குளிருக்குப் போர்த்திக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ப்ரோகிராமை நீ பிறகு எப்படி வேண்டுமானாலும் மாற்று, அழகாக்கு. நான் எழுதிய அந்த வரியை மட்டும் எடுக்காதே, காத்திருக்கிற நேரத்தையும் நீட்டாதே. அப்பா வந்துவிடுவார் என்று சங்கு ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாய்ப் பார்க்கக்கூடாது. நீ எழுதியதில் அப்பாவின் சொந்த வரி அது ஒன்றுதான்.

சின்னப் பிள்ளையில் நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவேன். இப்போது நெற்றி எட்டாது. அதனால் உன் பேர் எழுதிய இடத்தின்மேல் கட்டைவிரலால் போட்டிருக்கிறேன். அங்கே மை கலைந்திருந்தால் வேறு ஒன்றுமில்லை, விரல் ஈரம். ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

என்றும் உன் அப்பா,
சவரிமுத்து